சிறிய டிராக்டரில் பெரிய புல் உருளை: தூக்குவது, ஓட்டுவது, இறக்குவது

காவிரி டெல்டாவில் அறுவடை முடிந்த வயலில் பேலர் ஓடினால், பின்னால் வந்து விழும் வைக்கோல் கட்டு பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ வரைதான் இருக்கும். ஒரு ஆள் தூக்கி டிரெய்லரில் போட்டுவிடலாம். அந்த நினைப்போடு ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ டெக்சாஸிலோ ஒரு பண்ணைக்குள் நுழைந்தால் கணக்கு தப்பும். அங்கே காயவைத்த புல்லை நெஞ்சு உயரம், ஆள் உயரம் என்று பெரிய உருளைகளாகக் கட்டுகிறார்கள். ஒன்றின் எடை கால் டன்னில் தொடங்கி முக்கால் டன் வரை போகும்.

பெரிய பண்ணைக்காரர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. அவர்களிடம் 80, 100 ஹெச்.பி. டிராக்டர் நிற்கிறது. சிக்கலெல்லாம் சிறு நிலக்காரருக்குத்தான். ஐந்து பத்து ஏக்கர், நாலு மாடு அல்லது இரண்டு குதிரை, 25 முதல் 35 ஹெச்.பி. வரை ஒரு சிறிய டிராக்டர். புல் விற்பவர் லாரியில் கொண்டுவந்து கேட் ஓரம் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து தீவனத் தொட்டி வரை கொண்டுபோவது வாங்கியவர் பாடு.

அப்படி நிலம் வாங்கியிருக்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடலாம். டிராக்டர் ஒரு உருளையைத் தூக்கிவிட்டது என்பதற்காக, அதைச் சுமந்துகொண்டு அது ஒழுங்காகத் திரும்பும், நிற்கும் என்று அர்த்தமில்லை. ஹைட்ராலிக் பம்புக்கு முன் சக்கரம் தரையில் இருக்கிறதா என்ற கவலை கிடையாது. விபத்துகள் பெரும்பாலும் தூக்க முடியாததால் நடப்பதில்லை, தூக்க முடிந்ததால் நடக்கின்றன.

எடையைக் கணக்கு போடுங்கள்

கண்ணால் பார்த்து எடை சொல்கிறவர்கள் உண்டு. நம்ப வேண்டாம். ஒரு டேப் போதும். உருளையின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, அகலத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த, இறுக்கமாகக் கட்டிய புல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 150 முதல் 180 கிலோ.

அங்கெல்லாம் அளவை அடியில்தான் சொல்வார்கள். 4 அடி அகலம், 4 அடி விட்டம் என்றால் சுமார் 220 முதல் 260 கிலோ. அதே 4 அடி அகலத்தில் விட்டம் 5 அடி ஆனால் 340 முதல் 400. 5 அடிக்கு 5 அடி என்றால் 425 முதல் 500. 5 அடி அகலம், 6 அடி விட்டம் என்றால் 600-ஐத் தாண்டி 700-ஐத் தொடும். விட்டம் ஒரு அடி கூடினால் எடை ஒன்றரை மடங்கு ஆகிறது பாருங்கள். ஏனென்றால் விட்டம் கணக்கில் இரண்டு முறை வருகிறது. வயலில் தள்ளி நின்று பார்த்தால் 4 அடி உருளைக்கும் 5 அடி உருளைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. டிராக்டருக்குத் தெரியும்.

இதெல்லாம் காய்ந்த புல்லின் கணக்கு. வெள்ளை அல்லது பச்சை பிளாஸ்டிக் சுற்றிய உருளை என்றால் அது ஈரத்தோடு கட்டிய ஊறுகாய்ப் புல். அதில் பாதி தண்ணீர். அதே அளவு உருளை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை இருக்கும். மழையில் கிடந்து அடிப்பக்கம் ஊறிய உருளைக்கும் மேலே சொன்ன எண்கள் பொருந்தாது. விற்பவரிடம் கேட்பதில் தப்பில்லை, ஆனால் அவர் சொல்வதோடு நூறு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் புத்தகத்தில் எழுதியிருப்பதும் எழுதாததும்

சிறிய டிராக்டர் விளம்பரங்களில் 'தூக்கும் திறன் 750 கிலோ' என்பது போல ஒரு எண் பெரிதாக இருக்கும். அது எந்த இடத்தில் அளந்த எண் என்று பார்க்க வேண்டும். கருவிகளை மாட்டித் தூக்கும் பின்பக்க லிங்க் கைகளின் நுனியில் அளந்தால் ஒரு எண். அந்த நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் தள்ளி அளந்தால் இன்னொரு எண். இரண்டாவது எண் கணிசமாகக் குறைவாக இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். 4 அடி அகல உருளையை லிங்க் கைகளில் மாட்டிய நீளமான எஃகு ஈட்டியில் குத்தினால் அதன் நடுப்பகுதி சரியாக அந்த 610 மில்லிமீட்டர் தூரத்தில்தான் வந்து நிற்கும். 5 அடி அகல உருளையில் அது 750-க்குப் போய்விடும், அதாவது புத்தகம் சொல்லும் இடத்தையும் தாண்டி. வேலைக் கருவிகளைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் ஹிட்ச் சட்டம் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் போகும். உருளைக்குப் போகும்போது அதைக் கழற்றிவிடுவது நல்லது.

டிராக்டரின் முன்னால் பக்கெட்டைத் தூக்கும் கைகளான லோடருக்கும் இதே கதை. பக்கெட் மாட்டும் முளையில் (pin) அளந்த எண்ணை அச்சடித்திருப்பார்கள். உருளையின் எடை அதைவிட அரை மீட்டருக்கு மேல் முன்னால் இருக்கும்.

சரி, தூக்கும் திறன் போதும் என்றே வைத்துக்கொள்வோம். இனிதான் உண்மையான கணக்கு. ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். டிராக்டர் 1,100 கிலோ. அதில் முன் சக்கரங்கள் மேல் 440, பின் சக்கரங்கள் மேல் 660. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.6 மீட்டர். பின்னால் 350 கிலோ உருளை, அதன் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து 1.5 மீட்டர் பின்னால். பின் சக்கரத்தை மையமாக வைத்து உருளை கீழே அழுத்த, முன்பக்கம் மேலே எழும். எவ்வளவு? 350-ஐ 1.5-ஆல் பெருக்கி 1.6-ஆல் வகுத்தால் சுமார் 330 கிலோ. முன் சக்கரத்தில் இருந்த 440-ல் 330 போய்விட்டது. மிச்சம் 110.

சுமை ஏற்றிய நிலையில் டிராக்டரின் சொந்த எடையில் குறைந்தது 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. நம் டிராக்டருக்கு அது 220 கிலோ. 110 என்பது பாதிதான். சமதளத்தில், கான்கிரீட் மேல், மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. ஒரு சின்னப் பள்ளத்தில் பின் சக்கரம் இறங்கி ஏறும்போது உருளை ஒரு குலுக்கு குலுக்கும். அந்த நேரத்தில் முன் சக்கரம் காற்றில் இருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் டிராக்டர் நேராகவே போகும்.

குறைகிற 110 கிலோவை முன்னால் சேர்க்க வேண்டும். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் மாட்டும் வெயிட் தன் எடையைவிட முப்பது சதவீதம் கூடுதலாக வேலை செய்யும். ஆகவே 85 கிலோ மாட்டினால் போதும். 25 கிலோ வெயிட் நாலு என்றால் கொஞ்சம் தாராளம். லோடர் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றாமல், தாழ்வாக வைத்துக்கொண்டே பின்னால் உருளை தூக்கினால் அதுவே நல்ல முன் எடை.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அருகில் உள்ள எடை மேடைக்கு டிராக்டரைக் கொண்டுபோய் முன் சக்கரங்களை மட்டும் மேடை மேல் ஏற்றி எடை எடுங்கள். முழு டிராக்டரையும் ஒருமுறை எடுங்கள். இரண்டு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி டிராக்டர் பெட்டியில் போட்டு வைத்தால், கருவி மாற்றும்போதெல்லாம் உதவும்.

பின்னாலா, முன்னாலா?

என் தீர்ப்பு பின்னால்தான். சிறிய டிராக்டரில் பலமான அச்சு பின் அச்சு. பெரிய டயரும் பிரேக்கும் அங்கேதான் இருக்கின்றன. பின்னால் சுமந்தால் உருளை தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் எழவே முடியாது, அதுவும் ஒரு பாதுகாப்பு. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் குறை.

முன் லோடரில் தூக்கினால் எல்லாமே கண்ணுக்கு நேராக நடக்கிறது, அதனால் பலருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். அதே 350 கிலோ உருளை முன் அச்சுக்கு 1.3 மீட்டர் முன்னால் தொங்கினால், பின் சக்கரத்திலிருந்து சுமார் 285 கிலோ பறிபோகும். முன் அச்சின் மேல் 635 கிலோ கூடுதலாக ஏறும். சிறிய டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டும்தான். பின் சக்கரம் லேசாகிவிட்டால் பிரேக் மிதித்தும் பயன் இல்லை, டயர் வழுக்கிக்கொண்டு போகும். இறக்கத்தில் இது நடந்தால் நிறுத்தவே முடியாது. அதனால் லோடரில் சுமை இருக்கும்போது நான்கு சக்கர இயக்கம் எப்போதும் போட்டிருக்க வேண்டும். அப்போதுதான் முன் சக்கரங்களும் எஞ்சினோடு பிணைந்து பிடித்து நிறுத்த உதவும்.

இன்னொன்று, டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே முளையில் (pin) ஆடும்படி பொருத்தப்பட்டது. மேடு பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையில் படுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதன் விளைவு, முன் அச்சு அதன் எல்லை வரை சாயும் வரை டிராக்டர் உண்மையில் மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது: இரண்டு பின் டயர், முன் அச்சின் ஒரு முளை. லோடரில் உருளையை மேலே தூக்கினால், எடை அந்த ஒற்றைப் புள்ளிக்கு மேலே உயரத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் எலி வளையில் சக்கரம் இறங்கினால் போதும், சாய்ந்துவிடும்.

முன்னால்தான் தூக்க வேண்டும் என்றால் பின்னால் எடை கட்டாயம். கான்கிரீட் நிரப்பிய பெட்டியைப் பின் லிங்கில் மாட்டுவது நல்லது. டயரில் தண்ணீர் நிரப்புவதும் பின்பக்கத்தைக் கனமாக்கும். ஆனால் டயருக்குள் இருக்கும் எடை முன் அச்சின் பாரத்தைக் குறைக்காது. பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் எடைதான் முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது.

பக்கெட்டில் உருளையா? வேண்டவே வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்கிறேன். வெறும் மண் பக்கெட்டில் உருளையை உருட்டி ஏற்றித் தூக்குவது பல நாடுகளில் உயிர் பறித்த பழக்கம். கைகள் மேலே போகப் போக பக்கெட் பின்பக்கம் சாயும். ஒரு கட்டத்தில் உருளை பக்கெட்டின் பின் விளிம்பைத் தாண்டி, லோடர் கைகளின் மேல் தண்டவாளத்தில் ஓடுவது போல உருண்டு, நேராக ஓட்டுநர் மேல் வந்து விழும். தலைக்குப் பின்னால் நிற்கும் இரண்டு கால் ரோல் பார் இதைத் தடுக்காது. அது டிராக்டர் கவிழும்போது காப்பதற்கு வைத்தது. முன்னாலிருந்து வரும் உருளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சங்கிலியால் பக்கெட்டில் கட்டித் தொங்கவிடுவதும் இதே ரகம்தான், ஆடும் சுமை இன்னும் மோசம்.

தேவையான கருவி ஈட்டிச் சட்டம். நடுவில் ஒரு நீளமான எஃகு ஈட்டி, சுமார் ஒரு மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை. கீழே இரு பக்கமும் இரண்டு குட்டி ஈட்டிகள். நீளமானது எடையைத் தாங்கும், குட்டிகள் உருளை சுழலாமல் பிடிக்கும். குட்டி ஈட்டி இல்லாத சட்டம் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். பக்கெட் விளிம்பில் திருகாணி போட்டு மாட்டும் ஈட்டியையும் தவிர்த்துவிடலாம். அது சுமையை இன்னும் முன்னால் தள்ளும், பக்கெட் விளிம்பையும் வளைத்துவிடும். பிளாஸ்டிக் சுற்றிய ஈர உருளையில் ஈட்டி குத்தினால் காற்று புகுந்து புல் கெட்டுப்போகும். அதற்கு இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் கிடுக்கி இருக்கிறது. ஆனால் அந்த எடையைச் சிறிய டிராக்டரில் தூக்க நினைப்பதே சரியில்லை.

புறப்படும் முன்

டயர் காற்றை நாலு பக்கமும் பாருங்கள். பின் டயர் ஒன்றில் மட்டும் காற்று குறைந்திருந்தால், சுமை ஏறியதும் அந்தப் பக்கம் அமுங்கி டிராக்டர் சாயும். பின் சக்கர இடைவெளியை அகலப்படுத்தும் வசதி இருந்தால் அகலப்படுத்துங்கள். இடது, வலது பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருக்கும் டிராக்டரில் இரண்டையும் சேர்த்துக் கொக்கி போடுங்கள். சுமையோடு ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி சுற்றிவிடும். லிங்க் கைகள் இடவலம் ஆடாமல் இருக்கச் சங்கிலியை அல்லது நிறுத்தியை இறுக்குங்கள். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது ஆபத்து. அந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள், நனைந்தால் தெரியும்.

ரோல் பாரை நிமிர்த்தி, பெல்ட் போட வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். பார் மடிந்திருக்கும்போது பெல்ட் போடக்கூடாது என்பதும் அதே பாடத்தின் மறுபாதி. சுவீடனில் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இந்தக் காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கினார்கள். டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ எழும்போது முக்கால் வினாடிக்குள் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் குதித்துத் தப்பலாம் என்று நினைப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்து முக்கால் வினாடி எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பாதையை நடந்து பாருங்கள். ஓட்டிக்கொண்டே பார்த்தால் பள்ளம் தெரியாது. சிறுவர்கள், நாய், வேடிக்கை பார்க்கிற விருந்தாளி எல்லாரும் உருளையின் உருளும் திசையிலிருந்து விலகி, வேலிக்கு அப்பால் நிற்க வேண்டும்.

உருளையையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும், குறிப்பாகச் சமீபத்தில் கட்டியதை. சரியாகக் காயாத புல்லைக் கட்டினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடேறும். கருகிய வாசனை, ஆவி, உள்ளே கை வைத்தால் சுடுதல் இருந்தால் தூக்காதீர்கள். நீளமான வெப்பமானியைச் செருகிப் பார்த்து 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கவனம், 80-ஐ நெருங்கினால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டிய நிலை. அப்படிப்பட்ட உருளையைக் குத்தி நகர்த்தினால் உள்ளே காற்று புகுந்து தீப்பிடிக்கும், அதுவும் உங்கள் டிராக்டருக்குப் பின்னால் டீசல் டேங்குக்குப் பக்கத்தில்.

குத்தித் தூக்குவது

1. உருளையின் தட்டையான முகத்துக்கு நேராக டிராக்டரின் பின்புறத்தைக் கொண்டு வாருங்கள். கோணலாக வந்தால் ஈட்டி கோணலாக நுழையும், சுமை ஒரு பக்கம் தொங்கும். வளைந்த பக்கத்தில் குத்துவது எளிதாகத் தோன்றும், அங்கே குத்தக்கூடாது. உருளை நழுவும், சுற்றிய வலையும் கிழியும்.

2. ஈட்டியை உருளையின் நடு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். மிகவும் மேலே குத்தினால் தூக்கியும் உருளை தரையில் இழுபடும். மிகவும் கீழே குத்தினால் உருளை சுழலப் பார்க்கும்.

3. லிங்க் கைகளுக்கு மேலே நடுவில் இருக்கும், நீளம் மாற்றக்கூடிய கம்பியான டாப் லிங்க்கைச் சரி செய்து ஈட்டியைத் தரைக்கு இணையாக வையுங்கள். இதற்கு இறங்க வேண்டியிருந்தால் கியரை நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

4. மிகக் குறைந்த கியரில் மெதுவாகப் பின்னால் வாருங்கள். சட்டம் உருளையின் முகத்தில் முட்டும் வரை ஈட்டி உள்ளே போக வேண்டும். பாதி நுழைந்ததோடு தூக்கினால் எடை இன்னும் பின்னால் போகும், மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். உருளை தள்ளிக்கொண்டே போனால் அதன் மறுபக்கம் முட்டுக் கொடுங்கள், அல்லது ஒரு மண்மேட்டில் அணைத்துக் குத்துங்கள். வேகமாக வந்து மோதுவது தீர்வு ஆகாது.

5. ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். முன் சக்கரத்தைப் பாருங்கள். டயரின் அடி இன்னும் சற்றே அமுங்கி இருக்கிறதா? ஸ்டியரிங்கை இடவலம் திருப்பினால் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுகிறதா? சுற்றினால் இறக்கிவிட்டு வெயிட் மாட்டி வாருங்கள்.

6. டாப் லிங்க்கைச் சுருக்கி ஈட்டி நுனி சற்றே மேல் நோக்கி இருக்கச் செய்தால் உருளை வழுக்காது. பல டிராக்டர்களில் கைகள் எழும்போது தானாகவே இது கொஞ்சம் நடக்கும்.

வெயிலிலும் மழையிலும் ஒரு வருஷம் கிடந்த பழைய உருளையில் அடிப்பக்கம் மக்கி இருக்கும். தூக்கும்போது ஈட்டி மட்டும் மேலே வரும், புல் கீழேயே நிற்கும். அதோடு போராட வேண்டாம், அதை முள்கரண்டியால் வாரி எருக்குழிக்கு அனுப்பலாம்.

ஓட்டும்போது

நடக்கும் வேகம், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போல. உருளை தரையைத் தொடாத அளவுக்குத் தாழ்வாக. திருப்பங்கள் அகலமாக. சமதளத்தில் இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சரிவுக்கு ஒரே விதி: கனமான முனை எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் உருளை இருந்தால் மேட்டில் ரிவர்ஸில் ஏறுங்கள், இறக்கத்தில் முன்னோக்கி இறங்குங்கள். லோடரில் இருந்தால் நேர்மாறு, முன்னோக்கி ஏறி, ரிவர்ஸில் இறங்க வேண்டும். பின்னால் உருளையோடு மேட்டில் நேராக ஏறுவதுதான் முன் சக்கரம் எழுவதற்கான உறுதியான வழி. எடை இன்னும் பின்னுக்குப் போகிறது, அதோடு எஞ்சினின் முறுக்கு விசையும் முன்பக்கத்தைத் தூக்குகிறது. சரிவுக்குக் குறுக்காக ஓட்டுவது இரண்டையும்விட மோசம். சுற்றுப்பாதை இருந்தால் சுற்றிப் போங்கள்.

இறக்கத்துக்குள் போகும் முன்பே குறைந்த கியருக்கு மாறிவிடுங்கள். நடு இறக்கத்தில் கிளட்ச் மிதித்து கியர் மாற்றினால், அந்த இடைவெளியில் டிராக்டரைப் பிடிக்க எதுவும் இல்லை.

முன் சக்கரம் எழுகிற மாதிரி இருந்தால் முதலில் கிளட்சை மிதியுங்கள், கையோடு உருளையைத் தரையில் இறக்குங்கள். உருளை தரை தொட்டதும் எடை பின் அச்சிலிருந்து நீங்கி முன்பக்கம் தானாகக் கீழே வரும். பின்பக்கச் சுமையில் எனக்குப் பிடித்ததே இதுதான், பிழைக்க ஒரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிளட்ச் இல்லாத ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டர் என்றால் பெடலிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், சட்டென்று எடுத்தால் வண்டி குலுங்கி நிற்கும். லோடரில் சுமையோடு பக்கவாட்டில் சாய்வது போல இருந்தாலும் இதேதான், உடனே தரைக்கு இறக்க வேண்டும்.

இறக்கி வைக்கும் இடம்

2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், சரிவான வயலிலிருந்து சுமார் 600 கிலோ எடையுள்ள உருளை ஒன்று உருண்டு, வேலிப் புதரைத் தாண்டி, சாலையில் போய்க்கொண்டிருந்த வேன் மேல் விழுந்தது. வேனை ஓட்டியவர் அங்கேயே இறந்தார். அவர் எலக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குழுவில் செல்லோ வாசித்த மைக் எட்வர்ட்ஸ். வயலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

சரிவில் உருளையை வைக்க வேண்டியிருந்தால் தட்டையான முகம் மேட்டையும் பள்ளத்தையும் பார்க்கும்படி வையுங்கள். அப்போது வளைந்த பக்கம் சரிவுக்குக் குறுக்கே இருக்கும், கீழ்நோக்கி உருள வழி இல்லை. அதற்கும் மேல், இரு பக்கமும் கட்டை முட்டுக் கொடுங்கள். சாலையும் வீடும் கீழே இருந்தால் அந்தச் சரிவில் வைக்கவே வேண்டாம். குவிப்பதானால் ஒரே அடுக்கு போதும்; சிறிய டிராக்டரால் இரண்டாவது அடுக்கு ஏற்றுவது என்றால் லோடரை உயரே தூக்க வேண்டும், அதன் விளைவை மேலே பார்த்தோம்.

இறக்கும்போது உருளையைத் தரையில் முழுதாக உட்காரவைத்து, டாப் லிங்க் நீட்டி ஈட்டியை மட்டமாக்கி, நேராக முன்னால் நகருங்கள். இறுக்கமான உருளை ஈட்டியை விடாமல் கூடவே வரப் பார்க்கும். அப்போது ஈட்டியைக் கொஞ்சம் மேலும் கீழும் அசைத்தால் விடும். பின்னால் போய்க் கையால் தள்ளிவிட யாரையும் கூப்பிடாதீர்கள். மாடுகள் காத்திருக்கும் தொழுவத்தில் இறக்குவதானால் முதலில் அவற்றை வேறு பக்கம் அடையுங்கள். பசியில் அவை ஈட்டிக்கும் உருளைக்கும் இடையில் தலையை நுழைக்கும்.

வேலை முடிந்ததும் ஈட்டிச் சட்டத்தைக் கழற்றித் தரையில் வைத்து, நுனியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள், அல்லது நுனியில் ஒரு குழாயைச் செருகுங்கள். முன் லோடரில் ஈட்டியோடு ரோட்டில் போகவே கூடாது.

டிராக்டருக்கு மீறிய உருளை என்றால்

கணக்கு ஒத்துவராவிட்டால் தூக்கும் வேலையை டிராக்டரிடமிருந்து எடுத்துவிடுங்கள், இழுக்கும் வேலையை மட்டும் கொடுங்கள். இழுப்பதில் சிறிய டிராக்டர் கெட்டிக்காரன். இரண்டு சக்கரத்தில், ஒரு உருளையை மட்டும் அணைத்துத் தூக்கும் தள்ளுவண்டி போன்ற டிரெய்லர் விற்கிறார்கள். எடை முழுதும் அதன் சக்கரத்தில் நிற்கும். கையால் சுற்றும் வின்ச் உள்ள மாடலும் உண்டு. லோடர் வாங்கும் காசில் சிறு பகுதி இருந்தால் போதும், வருஷத்துக்கு இருபது முப்பது உருளை கையாள்பவருக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

சறுக்குப் பலகை இன்னும் மலிவு. தடித்த பலகை அல்லது பழைய இரும்புத் தகட்டின் மேல் உருளையை உருட்டி ஏற்றி, கட்டி, இழுத்துப் போகலாம். சங்கிலியை டிராபாரில், அதாவது டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும் மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, பின் அச்சுக்கு மேலே எந்த இடத்திலோ மாட்டினால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து விழும். லிங்க் கைகளில் மாட்டி உயர்த்தி இழுப்பதும் அதே ஆபத்துதான்.

டிரெய்லரில் பல உருளைகள் என்றால், பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை டிராக்டரின் எடையைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும். அதிலும் இறக்கமான பாதை என்றால் சம எடைக்கு மேல் ஏற்ற வேண்டாம். பட்டையைத் தளர்த்தும்போது உருளை விழக்கூடிய பக்கத்தில் நிற்காமல், எதிர்ப்பக்கத்திலிருந்து அவிழுங்கள்.

அப்புறம், விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பல பேலர்களில் விட்டத்தைக் குறைத்துக் கட்ட முடியும். அடுத்த பருவத்துக்கு 5 அடிக்குப் பதில் 4 அடி விட்டத்தில் கட்டித் தரச் சொன்னால், உருளைக்குக் கொஞ்சம் கூலி கூடும். 350 கிலோ 240 ஆகிவிடும், முன் சக்கரத்தில் 110-க்குப் பதில் 215 கிலோ நிற்கும். அதற்கு மேல் ஒரு 25 கிலோ வெயிட் மாட்டினால் அந்த 20 சதவீதக் கணக்கும் சரியாகிவிடும்.